பெரிய இன்டர்கூலரும் மலை ஏறாத காரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டர்போ டீசல் கார்களைக் கவனிக்கும் எங்கள் கோவைப் பட்டறைக்கு, ஒரு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின் பொருத்திய ஓர் எஸ்யூவி கார் வந்தது. உரிமையாளர் நடுத்தர வயதுக்காரர். தொழில் நிமித்தமாக வாரம் ஒருமுறையாவது ஊட்டிக்கும், மாதம் இருமுறை சேலத்துக்கும் தாமே ஓட்டிச் செல்பவர். வண்டி 90,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஆறு மாதங்களுக்கு முன்பு வேறொரு இடத்தில் இன்ஜினின் ஈசியுவை (கட்டுப்பாட்டுக் கணினியை) ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி, டர்போவின் பூஸ்ட் அழுத்தத்தை (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் டர்போ தருவது) சுமார் 1 பாரிலிருந்து 1.3 பாருக்கு உயர்த்தியிருந்தார்கள். பூஸ்ட் கூடினால் காற்றின் சூடும் கூடும் என்பதால், அந்தக் காற்றைக் குளிர்விக்க வலப்பக்க மட்கார்டுக்குள் இருந்த சிறிய இன்டர்கூலரை எடுத்துவிட்டு, ரேடியேட்டருக்கு நேர் முன்னால் 600 மி.மீ. அகலம், 300 மி.மீ. உயரம், 76 மி.மீ. தடிமன் கொண்ட பெரிய அலுமினிய இன்டர்கூலர் ஒன்றையும் அப்போதே மாட்டியிருந்தார்கள்.

அவருடைய குறையை அவர் சொன்னபடியே பதிவு செய்கிறேன்: “பைபாஸ்ல நூறுல போனாலும் டெம்பரேச்சர் முள்ளு அசையறதில்லீங்க. கல்லார் தாண்டி நாலு வளைவு ஏறினா மேல போயிருதுங்க. ஏசி தானா நின்னுபோகுது, அப்புறம் வண்டி இழுக்கறதுமில்லை.”

எங்களிடம் வருவதற்கு முன்பே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி மூன்றையும் மாற்றி, கூலன்ட்டையும் இருமுறை புதிதாக நிரப்பியிருந்தார். ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, இன்ஜினைத் திறக்கவும் தயாராக இருந்தார். கூலன்ட்டில் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்தோம், கலக்கவில்லை. எனவே இன்ஜினைத் திறக்க வேண்டாம் என்று அவரிடம் உறுதியாகச் சொன்னோம்.

இந்தக் காரில் இன்டர்கூலர் செய்யும் வேலை

டர்போவின் கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது அந்தக் காற்று சூடாகிறது. வெளிக்காற்று 38 டிகிரி செல்சியஸாக இருக்கும் நாளில், 70 சதவீதத் திறனுடன் இயங்கும் ஒரு கம்ப்ரசர் காற்றின் அழுத்தத்தை 2.3 மடங்காக்கினால், வெளிவரும் காற்று ஏறக்குறைய 155 டிகிரியை எட்டும் என்பது கணக்கு. அதே காற்று 60 டிகிரிக்குக் குளிர்ந்து சிலிண்டருக்குள் போனால் அதன் அடர்த்தி கூடும், ஆக்சிஜன் அதிகம் கிடைக்கும், புகைபோக்கி வாயுவின் சூடும் தணியும். இது எல்லோரும் அறிந்ததே.

பலர் எண்ணிப் பார்க்காதது, காற்றிலிருந்து எடுத்த அந்தச் சூடு எங்கே போகிறது என்பதைத்தான். முழுச் சுமையில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும் இந்த இன்ஜினுக்குள் நொடிக்குச் சுமார் 90 கிராம் காற்று போகிறது. அதை 150 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு இறக்கினால் ஏறக்குறைய 8 கிலோவாட் வெப்பம் வெளியேறியாக வேண்டும். இன்டர்கூலர் மட்கார்டுக்குள் இருந்தவரை அந்த வெப்பம் சக்கரத்தின் பக்கமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை முன்னால் கொண்டுவந்து வைத்ததும், அதே 8 கிலோவாட் வெப்பம் முதலில் ஏசி கன்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பகுதி) மீதும், பிறகு ரேடியேட்டர் மீதும் ஊதப்படுகிறது. ஒரே காற்றை மூன்று கருவிகள் வரிசையில் நின்று பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில், கடைசியில் நிற்பது ரேடியேட்டர்.

முதல் சோதனை ஓட்டம்

பட்டறைக்குள் நிறுத்தி வைத்துப் பார்த்தவரை கார் ஒரு குறையையும் காட்டவில்லை. ஆகவே குறை தோன்றும் இடத்துக்கே போவது என்று முடிவு செய்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை உள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதையைத் தேர்ந்தெடுத்தோம். நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணிக்குள், நான்கு பேர் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, ஏசியை முழுமையாகப் போட்டு ஓட்டுவது என்பதை எல்லாச் சோதனைகளுக்கும் பொது விதியாக வைத்தோம். எல்லா ஓட்டங்களும் இரண்டு வாரங்களுக்குள் முடிந்தன; மலையடிவாரத்தில் உள்ள கல்லாரில் வெளிக்காற்று 36 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குள்ளேயே இருந்தது.

கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், பூஸ்ட், வேகம் ஆகியவற்றை ஓபிடி (காரின் கணினித் தகவலைப் படிக்கும் இணைப்பு) வழியாகப் பதிவு செய்தோம். அவற்றுக்கு மேல் நான்கு தெர்மோகப்பிள்களையும் (வெப்பம் அளக்கும் உணரிகள்) பொருத்தினோம்: இன்டர்கூலரின் நுழைவாயில், வெளிவாயில், அதன் முன்முகம், அதற்கும் கன்டென்சருக்கும் இடைப்பட்ட சந்து.

மேட்டுப்பாளையம் வரையிலான சமவெளிச் சாலையில் கூலன்ட் 91 டிகிரியிலேயே நின்றது. உள்ளிழுக்கும் காற்று 46 டிகிரி. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், இன்டர்கூலர் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது என்றே சொல்வார். மாட்டியவர்களும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்லாரைத் தாண்டியதும் வேகம் 30 கிலோமீட்டருக்கு இறங்கியது, சுமை ஏறியது. ஐந்தாவது வளைவில் கூலன்ட் 100 டிகிரியைக் கடந்தது. ஒன்பதாவது வளைவில் 109 டிகிரியைத் தொட்டபோது ஈசியு ஏசி கம்ப்ரசரை நிறுத்தி, எரிபொருளையும் குறைத்துவிட்டது. அந்த நேரத்தில் இன்டர்கூலருக்கும் கன்டென்சருக்கும் இடையில் இருந்த காற்று 49 டிகிரி. வெளிக்காற்று 35 டிகிரிதான். கன்டென்சரைச் சென்று சேரும் முன்பே காற்று 14 டிகிரி சூடேறிவிட்டிருந்தது.

ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்ட்டுக்கும் அதன்மீது படும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தையும், காற்றின் அளவையும் பொறுத்தது. காற்றின் அளவு மாறாவிட்டாலும்கூட, முன்னால் வரும் காற்று 14 டிகிரி கூடினால் அதே வெப்பத்தை வெளியேற்ற கூலன்ட்டும் ஏறக்குறைய 14 டிகிரி ஏறியாக வேண்டும். நாங்கள் கண்ட 109 டிகிரியின் பெரும்பகுதியை இந்த ஒரு காரணமே விளக்கிவிடுகிறது. மீதி காற்றின் அளவில் ஒளிந்திருந்தது.

ஊதுபத்திப் புகை காட்டியது

அன்று மாலை பட்டறையில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் சுற்றும்படி ஏசியைப் போட்டு, எங்கள் மூத்த மெக்கானிக் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முன் கிரில்லின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். கிரில்லின் நடுவில் புகை நேராக உள்ளே போக வேண்டும். அங்கே அது தயங்கித் தயங்கித்தான் போனது. ரேடியேட்டரின் வலது ஓரத்துக்கு வந்தபோது, புகை பின்னாலிருந்து முன்பக்கமாகச் சுருண்டு வந்து மீண்டும் இன்டர்கூலருக்குள் நுழைந்தது. ஃபேன் பின்னால் தள்ளிய சூடான காற்று, ரேடியேட்டரின் பக்கச் சந்து வழியாகச் சுற்றி முன்னுக்கு வந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். அந்த மூலையில் தெர்மோகப்பிளை வைத்தோம். பட்டறைக்குள் காற்று 34 டிகிரியாக இருந்தபோது அங்கே 47 டிகிரி காட்டியது. ஆறு மாதங்களாக அந்தக் கார் தன் மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது; ஏனெனில் அந்தச் சந்தே இன்டர்கூலரை மாட்டிய நாளில் உண்டானது.

பம்பரைக் கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. ரேடியேட்டரின் இருபுறமும் கம்பெனியில் வைத்து அனுப்பும் கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டைகளும், காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் தகடுகளும் இல்லை. பெரிய கோரை (இன்டர்கூலரின் குளிர்விக்கும் அடுக்கை) நுழைக்க இடம் போதாமல் அவற்றை வெட்டி எறிந்திருந்தார்கள். இன்ஜினின் அடிப்பக்க மறைப்பும் இல்லை; புதிய குழாய் இடித்ததால் அதையும் கழற்றியிருந்தார்கள். கோரின் மேல் மூன்றில் ஒரு பங்கு பம்பருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆக, 300 மி.மீ. உயரத்தில் 200 மி.மீ. மட்டுமே நேரடியாகக் காற்றைப் பார்த்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். காரின் வேகத்தால் முன்பக்கம் உண்டாகும் காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் 460 பாஸ்கல். 40 கிலோமீட்டரில் சுமார் 75 பாஸ்கல்தான். தடிமனான ஒரு கோர் வழியாகக் காற்றைத் தள்ள நெடுஞ்சாலையில் போதுமான அழுத்தம் இருக்கிறது. மலையில் அதில் ஆறில் ஒரு பங்குகூடக் கிடைக்காத நிலையில், இழுக்கும் வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. அந்த ஃபேனோ கன்டென்சர், ரேடியேட்டர் இரண்டையும் மட்டும் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு சந்து திறந்திருந்தால், அது தடித்த மூன்று கோர்களின் வழியாக இழுப்பதை விடுத்துச் சந்து வழியாகவே இழுக்கும். உயரமும் இதைச் சற்று மோசமாக்குகிறது: மேலே போகப் போகக் காற்று மெலிவதால், அதே பூஸ்ட்டைப் பிடித்து வைக்க டர்போ இன்னும் கடுமையாக அழுத்த வேண்டியிருக்கிறது, வெளிவரும் காற்று அதற்கேற்பச் சூடாகிறது, ஃபேன் இழுக்கும் காற்றின் எடையோ குறைகிறது.

நாங்கள் எடுத்த தவறான முதல் முடிவு

காற்று போதவில்லை என்று தெரிந்ததும், இன்டர்கூலருக்கு முன்னால் இரண்டு சிறிய மின் ஃபேன்களை மாட்டிக் காற்றைத் தள்ளலாம் என்று தீர்மானித்தோம். கோரை மாற்றாமல், குறைந்த செலவில் முடிந்துவிடும் என்பதும், உரிமையாளர் அந்தப் பெரிய கோர் மீது வைத்திருந்த பற்றும் இந்த முடிவுக்குக் காரணமாக இருந்தன. அந்தத் தீர்மானத்தை எடுத்தவன் நான்தான்.

மலையில் கூலன்ட் 109 டிகிரியிலிருந்து 106 டிகிரிக்குத்தான் இறங்கியது. ஆனால் அதுவரை குறையே இல்லாத நெடுஞ்சாலையில், 100 கிலோமீட்டர் வேகத்தில் கூலன்ட் 91 டிகிரியிலிருந்து 96 டிகிரிக்கு ஏறிவிட்டது. ஃபேன்களின் உடலும் சட்டமும் கோரின் முகத்தை மறைத்தன. வேகத்தில் வரும் காற்றுக்கு அவை தடையாக நின்றன. ஓர் இடத்தில் மட்டும் இருந்த குறையை இரண்டு இடங்களுக்குப் பரப்பிவிட்டோம். அடுத்த நாளே அவற்றைக் கழற்றினோம். அதற்கான செலவை உரிமையாளரிடம் வாங்கவில்லை.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது

இதற்குப் பிறகுதான், தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பாதையில் மீண்டும் ஓட்டினோம்.

முதலில் பழைய சிறிய இன்டர்கூலரை அதன் இடத்திலேயே திரும்ப மாட்டி, வெட்டப்பட்ட தகடுகளுக்குப் புதியவற்றை வாங்கிப் பொருத்தி, அடிமறைப்பையும் போட்டோம். ரீமேப்பை மாற்றவில்லை. மலையில் கூலன்ட் 99 டிகிரிக்கு மேல் போகவில்லை, ஏசியும் நிற்கவில்லை. ஆனால் உள்ளிழுக்கும் காற்று 82 டிகிரிக்கு ஏறியது, மேல் வளைவுகளில் இழுவை தளர்ந்தது. இன்டர்கூலருக்குள் மட்டும் 0.14 பார் அழுத்தம் இழப்பாகியது. ரீமேப் செய்த இந்த இன்ஜினுக்குப் பழைய இன்டர்கூலர் போதாது என்ற அளவில், அதை மாற்ற நினைத்தது தவறில்லை என்று தெரிந்தது. இந்த ஓட்டம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஏனென்றால் ‘பழையதையே திரும்பப் போடுங்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடும் ஆசையை அது தடுத்தது.

அடுத்ததாகப் பெரிய கோரையே மீண்டும் முன்னால் வைத்து, சந்துகளை மட்டும் ஸ்பாஞ்ச் பட்டையாலும் அலுமினியத் தகட்டாலும் அடைத்து, அடிமறைப்பைக் குழாய்க்கு இடம்விட்டு வெட்டி மாட்டி ஓட்டினோம். கூலன்ட் 104 டிகிரி. மொத்தச் செலவு சில நூறு ரூபாய் ஸ்பாஞ்சும் அரைநாள் வேலையும்தான். அது ஐந்து டிகிரியைக் குறைத்தது. இரண்டு ஃபேன்களால் முடியாததை ஓட்டையை அடைத்ததே சாதித்தது. இருந்தாலும் மே மாதத்து வெயிலுக்கு அது போதாது என்பதால் கோரை மாற்றியே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தோம்.

மாற்று வழிகளைப் பரிசீலித்தது

தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலரை உரிமையாளர் கேட்டார். 1990-களில் டொயோட்டா செலிக்கா ஜிடி-ஃபோரின் பந்தயத்துக்கான வகையில் அத்தகைய ஏற்பாடு இருந்ததை அவர் படித்திருந்தார். குழாய் நீளம் குறைவு, இடச் சிக்கல் குறைவு என்பவை உண்மையே. ஆனால் அந்தத் தண்ணீரின் சூட்டை வெளியேற்ற ஒரு சிறிய ரேடியேட்டர் எப்படியும் முன்னால்தான் வர வேண்டும். அத்துடன் ஒரு பம்ப்பும் வேண்டும். குறுகிய நேர முடுக்கத்துக்குத் தண்ணீர் சூட்டைத் தாங்கிக்கொள்ளும்; தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் மலை ஏறும் காருக்கு அந்தத் தாங்குதிறன் விரைவிலேயே தீர்ந்துவிடும். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரில் உள்ளதுபோல இன்ஜினுக்கு மேல் படுக்க வைத்து, பானெட்டில் காற்றுவாய் திறப்பதையும் பேசினோம். அந்த முறையில் ரேடியேட்டருக்குத் தொல்லை இல்லை, குழாய்களும் குறுகியவை. ஆனால் மெதுவாக ஊர்ந்து போகும்போது இன்ஜினின் சூட்டில் இன்டர்கூலரே ஊறிவிடும். இந்தக் காரின் குறையோ மெதுவாகப் போகும்போதுதான் வருகிறது. எனவே இரண்டையும் விட்டுவிட்டோம்.

முன்பக்கத்திலேயே, சிறியதாகவும் மெலிந்ததாகவும் ஒரு கோர் வைப்பதென்று முடிவானது. அகலம் 550 மி.மீ., உயரம் 230 மி.மீ., தடிமன் 50 மி.மீ. பழைய பெரிய கோர் பட்டையும் தகடும் அடுக்கிய வகை. கனமானது, அடியைத் தாங்கும், சிறிது நேரச் சூட்டை உள்வாங்கிக்கொள்ளும், ஆனால் வெளிக்காற்றுக்கு அதிகத் தடை கொடுக்கும். புதியது தட்டைக் குழாயும் ஃபின்னும் (மெல்லிய உலோக இதழ்களும்) கொண்ட வகை. மெலிந்தது, கல் பட்டால் எளிதில் நசுங்கும், ஆனால் வெளிக்காற்று தடையின்றி ஊடுருவும். எங்களுக்குத் தேவைப்பட்டது பின்னதுதான். ஃபின்களின் நெருக்கம் குறைவாக உள்ள கோரையே கேட்டு வாங்கினோம்; நெருக்கமான ஃபின் சூட்டை அதிகம் எடுக்கும், ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் ரேடியேட்டருக்குக் காற்றை விடாது.

எந்த உயரத்தில் வைப்பது என்பதில் பட்டறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. ரேடியேட்டர் முழுவதையும் சீராக மறைக்கும் மெல்லிய கோரே நல்லது, பாதியை மட்டும் மறைத்தால் காற்று தடையில்லாத பாதி வழியாக ஓடிவிட்டு இன்டர்கூலருக்குக் குறைந்துவிடும் என்றார் மூத்த மெக்கானிக். அவர் சொன்னது சரியே. ஆனால் மேல்பகுதியை இரும்புச் சட்டம் எப்படியும் மறைக்கிறது என்பதால், பம்பரின் கீழ்த் திறப்புக்கு நேராக இன்டர்கூலரையும், மேல் கிரில்லின் காற்று முழுவதும் ரேடியேட்டரின் மேல்பாதிக்கும் கன்டென்சருக்கும் நேராகப் போகும்படியும் அமைத்தோம். அவர் எச்சரித்த கசிவைத் தடுக்க, கீழ்த் திறப்பிலிருந்து கோரின் விளிம்பு வரை நான்கு பக்கமும் மூடிய ஒரு காற்றுக்கூண்டை அலுமினியத் தகட்டில் வளைத்தோம். அந்தக் கூண்டின் அளவெடுப்புக்கே இரண்டு நாட்கள் ஆயின. முதல் கூண்டில் விளிம்புக்கும் கோருக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் சந்து இருந்ததால், அதை எடுத்துவிட்டு மறுபடியும் செய்தோம்.

குழாய்களைப் பூட்டியபின் காற்றழுத்தம் ஏற்றிச் சோப்பு நீர் தெளித்துப் பார்த்ததில், ஒரு ஹோஸ் கிளாம்ப்பின் அடியில் குமிழி வந்தது. அது பழைய வேலையிலிருந்து மிஞ்சிய கிளாம்ப். அதை மாற்றினோம்.

விளைவு

இறுதி ஓட்டத்தில் கல்லாரில் வெளிக்காற்று 37 டிகிரி. குன்னூர் வரை ஏசி நிற்கவில்லை. கூலன்ட் 99 டிகிரியைத் தொட்டு, குன்னூர் நெருங்கும்போது 97 டிகிரிக்கு இறங்கியது. உள்ளிழுக்கும் காற்று மலையில் 61 டிகிரி. பழைய சிறிய இன்டர்கூலரோடு ஒப்பிட்டால் 21 டிகிரி குறைவு. இன்டர்கூலருக்குள் அழுத்த இழப்பு 0.07 பார், பெரிய கோரில் அது 0.04 பாராக இருந்தது. நெடுஞ்சாலையில் உள்ளிழுக்கும் காற்று 52 டிகிரி. பெரிய கோர் தந்த 46 டிகிரியைவிட 6 டிகிரி கூடுதல். அந்த 6 டிகிரியை அறிந்தே விட்டுக்கொடுத்தோம். உரிமையாளரிடமும் வேலை தொடங்கும் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தோம்.

எதிர்பாராத ஒரு நன்மையையும் அவரே கவனித்துச் சொன்னார். வளைவிலிருந்து வெளியேறி மிதிக்கும்போது முன்பைவிட விரைவாக வண்டி எழுகிறது என்றார். கோரின் வெளி அளவு ஏறக்குறைய 13.7 லிட்டரிலிருந்து 6.3 லிட்டராகக் குறைந்ததும், குழாய்கள் சற்றுக் குறுகியதும், டர்போ நிரப்ப வேண்டிய வெற்றிடத்தைக் குறைத்துவிட்டன. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்து மறுபடி மிதிப்பவருக்கு அது தெரியத்தான் செய்யும்.

இனிச் செய்யும் மாற்றங்கள்

ரீமேப்புக்கு முன்பு இந்தக் கார் மலையில் எத்தனை டிகிரி காட்டியது என்ற பதிவு யாரிடமும் இல்லை. அதனால் கூடுதல் சூட்டில் ரீமேப்பின் பங்கு எவ்வளவு என்பதை எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது எங்களிடம் ரீமேப்புக்கோ இன்டர்கூலருக்கோ வரும் எந்தக் காரையும், வேலையைத் தொடும் முன்பு ஒருமுறை அதே மலைப்பாதையில் ஏசியுடன் ஓட்டிப் பதிவு செய்கிறோம். அந்த ஓட்டத்துக்கு ஆகும் டீசலுக்கு மறுப்புச் சொல்பவர்களிடம் வேலையை ஏற்பதில்லை.

உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தை மட்டும் காட்டி இன்டர்கூலர் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். கூலன்ட் வெப்பமும், இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள காற்றின் வெப்பமும் சேர்ந்துதான் இப்போது எங்கள் அறிக்கையில் இடம்பெறுகின்றன. பம்பரைக் கழற்றும்போது வெளிவரும் ஒவ்வொரு ஸ்பாஞ்ச் பட்டையையும் தகட்டையும் புகைப்படம் எடுத்து, வேலை முடிந்ததும் அதே படத்தை வைத்துச் சரிபார்க்கிறோம். ஊதுபத்திச் சோதனை கடைசி நாளில் கட்டாயம்.

இந்தக் காரைப் பொறுத்தவரை ஒரு கவலை இன்னும் இருக்கிறது. கீழ்த் திறப்பில் இருக்கும் மெல்லிய ஃபின்களில் பூச்சியும் சேறும் படியும். காற்றுக்கூண்டு நான்கு பக்கமும் மூடியிருப்பதால் படிந்தது தானாக உதிராது. கூண்டின் அடித்தகட்டைத் திருகாணியில் கழற்றும்படி அமைத்திருந்தால் துப்புரவு எளிதாக இருந்திருக்கும். அப்போது அது எங்களுக்குத் தோன்றவில்லை. மழைக்காலம் முடிந்து கார் சர்வீஸுக்கு வரும்போது அந்தத் தகட்டை மாற்றித்தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அதுவரை மாதம் ஒருமுறை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும்படி உரிமையாளருக்குக் காட்டிக் கொடுத்தோம்.